முட்டுவலி உள்ள அம்மாவை நடக்கக் கூட்டிப்போக நாகர்கோவில் பக்கம் நல்ல இடம் எது?

பார்வதிபுரத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முட்டிலும் தேய்மானம். தினமும் அரைமணி நேரமாவது நடக்கணும், ஆனால் ஏற்றம் இறக்கம் கூடாது, படி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. எங்கள் வாசல்படியை விட்டு இறங்கினாலே தெரு ஏற்றம்தான். அந்த ஏற்றம் முடிகிற இடத்தில் மெயின்ரோடு. பஸ்ஸும் டெம்போவும் உரசிக்கொண்டு போகிற ஓரத்தில் அம்மாவை எப்படி நடக்க வைப்பது?

மொட்டைமாடியில் நடக்கச் சொன்னேன். கொஞ்ச நாள் நடந்தாள். அப்புறம் "சுத்திச் சுத்தி வாறதுக்கு நான் என்ன செக்குமாடா?" என்று கேட்டுவிட்டுக் கீழே வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டேடியத்துக்கும் கூட்டிப்போய்ப் பார்த்தேன். ஓடுகிற பையன்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதிலேயே நேரம் போய்விட்டது.

மண்பாதையாக இருக்கணும், சமமாக இருக்கணும், பார்க்க ஏதாவது இருக்கணும். கூடவே இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகனும் வருவான், அவனுக்கும் போரடிக்கக் கூடாது. வாரநாளில் என்னிடம் ஸ்கூட்டர்தான், அம்மாவையும் அவனையும் வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை தம்பி கார் கொண்டுவருவான்.

தயவுசெய்து திற்பரப்பு, காளிகேசம், உலக்கை அருவி என்று சொல்லிவிடாதீர்கள். யாரிடம் கேட்டாலும் முதலில் அருவியைத்தான் சொல்கிறார்கள்.


வடசேரிப் பையன்

அக்கா, பக்கம் என்றால் வேப்பமூடு பூங்காதான். உங்கள் மகனுக்கு ஊஞ்சல், சறுக்கு எல்லாம் உண்டு. ஆனால் அரைமணி நேரம் நடக்கணும் என்றால் அங்கேயும் சுற்றித்தான் வரணும். அம்மா மறுபடியும் செக்குமாடு என்று சொன்னால் நான் பொறுப்பில்லை.


பழைய லஸ்கர்

மக்களே, நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ரிட்டயர் ஆனவன். லஸ்கர் என்றால் மடையைத் திறந்து அடைக்கிறவன், சானல்கரையில், அதாவது பாசனக் கால்வாயின் கரையில், நடந்து எங்கேயாவது கசிவு இருக்கிறதா, கரை உடைகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறவன். எனக்கு நடப்பதற்குத்தான் சம்பளம். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம மாவட்டத்தில் சமதளமான பாதையைத் தேடிப் பூங்காவுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. பழைய ஆட்கள் அதைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-இல். அங்கேயிருந்தும் பெருஞ்சாணி அணையிலிருந்தும் வருகிற தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாகவே கடைசி வயல்வரை ஓடிப் போய்ச் சேரணும். சரிவு கூடினால் தண்ணீர் வேகம் பிடித்துக் கரையை அரிக்கும். சரிவு போதாவிட்டால் மண் படிந்து சானல் தூர்ந்துபோகும். அதனால் கண்ணுக்கே தெரியாத அளவு சரிவு வைத்து, மேடு வந்தால் மேட்டைச் சுற்றி, பாறை வந்தால் பாறையைச் சுற்றி, மட்டம் மாறாமல் வெட்டிக்கொண்டு போனார்கள். சானல் என்ன மட்டமோ கரையும் அதே மட்டம். அம்மாவின் முட்டுக்கு இதைவிட நல்ல பாதை எந்தப் பூங்காவிலும் கிடைக்காது.

உங்கள் பக்கமாகவே அனந்தனாறு சானல் போகிறது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு "இதுவா?" என்று கேட்காதீர்கள். ஊருக்குள் கரைமேல் தார் போட்டிருப்பார்கள், பைக் போகும், வீட்டு வாசல்கள் எல்லாம் கரைக்கு நேராகத் திறக்கும். ஊர் முடிந்து ஏலா, அதாவது வயல்வெளி, தொடங்குகிற இடம்வரை ஸ்கூட்டரில் போய்விட்டு அதற்கப்புறம் இறங்கி நடங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயலோ வாழைத்தோட்டமோ. இடையிடையே தென்னை நிழல். வழியில் யாராவது வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிற்பார்கள், அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கும் ஆள் ஆச்சு.

காலம் பார்த்துப் போகணும். கன்னிப்பூ என்கிற முதல் நெல் சாகுபடிக்கு ஜூன் ஒன்றாம் தேதி வாக்கில் அணையைத் திறப்பார்கள், கும்பப்பூ என்கிற இரண்டாம் சாகுபடி முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அந்த மாதங்களில் சானல்கரை அழகு. அடைத்த பிறகு சானல் வறண்டு கிடக்கும், பிளாஸ்டிக் எல்லாம் வெளியே தெரியும். தூர்வாரினால் அள்ளுகிற மண்ணைக் கரைமேலேயே கொட்டிவிடுவார்கள், அது காய்ந்து கட்டிகட்டியாகக் கிடக்கும். அந்தக் கட்டியில் கால் பிரண்டால் நல்ல முட்டே போய்விடும். அப்போது சானலை விட்டுவிட்டுக் குளத்துக்கரைக்குப் போங்கள்.

குளம் என்றால் நான் தேரூரைத்தான் சொல்வேன். சுசீந்திரம் குளம் மெயின்ரோட்டை ஒட்டியே இருக்கிறது, நின்று பார்க்கலாம், நடக்கிற இடமில்லை. அங்கேயிருந்து உள்ளே திரும்பித் தேரூர்க் குளத்துக்கு வந்துவிடுங்கள். கவிமணி பிறந்த ஊர். காலையில் வண்டி குறைவு. குளம் நிறைய தாமரை, வடக்கே மலை. தோவாளைச் சந்தைக்குப் போகிற தாமரை இந்தப் பக்கத்துக் குளங்களிலிருந்தும் போகிறதுதான். விடியும்போதே தண்ணீரில் இறங்கிப் பறித்துக்கொண்டிருப்பார்கள். கரையேறினதும் மொட்டுகளைக் காம்போடு கட்டி ஈரச்சாக்கில் சுற்றுவார்கள். உங்கள் மகன் அதைப் பார்க்கட்டும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். எந்தக் கரையானாலும் நடுவில்தான் நடக்கணும். ஓரத்தில் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நூறு எட்டு வைத்தாலே முட்டு சொல்லிவிடும். இதே காரணத்துக்காகத்தான் நான் சொத்தவிளை, சங்குத்துறை என்று எந்தக் கடற்கரையையும் சொல்லவில்லை. கடற்கரை மணல் பார்க்கத்தான் சமமாக இருக்கும். ஈர மணலில் நடந்தால் போகும்போது கடல் பக்கத்துக் கால் தாழும், திரும்பி வரும்போது மற்றக் கால் தாழும். காய்ந்த மணலில் பாதம் புதையும். அங்கே போனால் திண்டில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வாருங்கள், நடக்கவேண்டாம்.

ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே? தேரூர் வரைக்கும் அதன் பாதிப்பு இருக்கும். காற்றை எதிர்த்து முதலில் நடங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே பின்னால் தள்ளிவிடும். அரைமணி என்றால் கால்மணி போனதும் திரும்பிவிடணும். "அந்தப் பனைவரை போய்விட்டுத் திரும்பலாம்" என்று அம்மா சொன்னாலும் விடாதீர்கள். போன தூரமெல்லாம் திரும்பி நடக்கவேண்டிய தூரம், வழியில் ஆட்டோ வராது.


தக்கலை டீச்சர்

லஸ்கர் அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை கார் இருக்கிறது என்கிறீர்கள், அதனால் நான் உதயகிரிக் கோட்டையைச் சொல்கிறேன். புலியூர்க்குறிச்சியில் திருவனந்தபுரம் ரோட்டிலேயே வாசல். உள்ளே வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா வைத்திருக்கிறது. கோட்டைக்குள் மொத்தம் 90 ஏக்கர் அளவுக்கு இடம். நடுவில் குன்று உண்டு, அதன் பக்கம் போகாமல் கீழேயே மரநிழலில் நடந்தால் போதும். நடுமத்தியானத்திலும் வெயில் தெரியாத இடம் நம்ம பக்கம் அதிகம் கிடையாது, இது ஒன்று.

மகனுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது பிடிபட்டவர்களில் டிலனாய் என்று ஒருவர். கைதியாக வந்தவர் அப்படியே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, கடைசியில் அந்தப் படைக்கே தளபதி ஆகிவிட்டார். திருவிதாங்கூருக்குப் பீரங்கி வார்த்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். 1777-இல் இறந்தார். இடிந்துபோன சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை இன்னும் இருக்கிறது, கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது ஒருத்தன் கேட்டான்: "டீச்சர், தோத்தவருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கல்லறை?" பதில் சொல்லிப் புரியவைக்க எனக்கு அந்தப் பாதை முழுக்கத் தேவைப்பட்டது.


குழித்துறை நர்ஸ்

நான் மார்த்தாண்டம் பக்கம், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்தூர் தொட்டிப்பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 1240 அடி நீளம், 28 தூண். காமராஜர் காலத்துத் திட்டம், 1966-இல் முடிந்தது. லஸ்கர் அண்ணாச்சி சொன்ன அதே சானல் கணக்குதான், ஆறு குறுக்கே வந்ததால் சானலைத் தூக்கித் தூண்மேல் வைத்துவிட்டார்கள். அதனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏற்றமே கிடையாது. போய்த் திரும்பினால் முக்கால் கிலோமீட்டர். உங்கள் அம்மாவுக்கு முதல் மாதத்துக்கு அது போதும்.

ஆனால் உயரம் பார்த்தால் தலைசுற்றுகிறவர்களுக்கு வேண்டாம். என் மாமியார் நடுப்பாலத்தில் நின்றுகொண்டு முன்னாலும் போகமாட்டேன், பின்னாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கீழே ஆற்றங்கரைக்கு இறங்குகிற படிக்கட்டு இருக்கிறது, பையன் இழுப்பான், அம்மாவை இறக்கிவிடாதீர்கள். ஏறி வருவதைவிட இறங்குவதுதான் முட்டுக்குக் கேடு. கிளம்பும்முன் பாலத்தில் நடக்க விடுகிறார்களா என்றும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், பழுதுபார்ப்பு நடந்தால் விடமாட்டார்கள்.

சிதறால் மலைக்கோவில் என்று யாராவது சொல்லுவார்கள். "பாதை போட்டிருக்கிறது, எளிதுதான்" என்றும் சொல்லுவார்கள். கல்பாவிய நல்ல பாதைதான், மேலே போனால் 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, எல்லாம் பார்க்கவேண்டியதுதான். ஆனால் பாதை முழுக்க ஏற்றம். உங்களுக்கும் மகனுக்கும் சரி, அம்மாவுக்கு இப்போது இல்லை.

என் தொழில் புத்தி விடாது, அதனால் இதையும் சொல்கிறேன். கம்பு ஊன்றி நடந்தால் எந்த முட்டில் வலி அதிகமோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பவர்கள்தான் அதிகம். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் பட்டை உள்ளது போடட்டும். நடந்த அன்று கொஞ்சம் வலிப்பது இருக்கட்டும். அடுத்த நாள் காலையிலும் வலி கூடியிருந்தால் தூரத்தைக் குறைத்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.


அஞ்சுகிராமத்தான்

வட்டக்கோட்டையை யாரும் சொல்லவில்லையே! கருங்கல் கோட்டை, ஒரு பக்கம் கடல், உள்ளே புல்வெளி, நடுவில் குளம். கோட்டைச் சுவர்மேல் ஏறப் படி தேவையில்லை, பீரங்கி ஏற்றின சாய்வுப்பாதை உண்டு. மேலே போய்விட்டால் சுவர் முழுக்க அகலமான தளம், ரோடு மாதிரி நடக்கலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்து போங்கள், ஆனால் ரொம்பவும் இருட்டவிட்டுப் போனால் வாசலை அடைத்திருப்பார்கள்.


பழைய லஸ்கர்

தம்பி, பீரங்கி ஏறின பாதையில் முட்டுவலிக்காரி ஏறணும் என்று எந்தக் கணக்கில் சொல்லுகிறீர்? சாய்வு என்றாலே ஏற்றம்தானே. அம்மா கீழே புல்வெளியில் நடக்கட்டும், பேரன் மேலே ஓடிவிட்டு வரட்டும். மற்றபடி இடம் நல்ல இடம்தான், அதில் எனக்குப் பேச்சில்லை.


கூழைக்கடா

குளத்துக்குப் போகிறவர்களுக்குப் பறவைக்காரன் ஒருத்தனும் ரெண்டு வார்த்தை சொல்லணும் இல்லையா?

2022-இல் நம்ம மாவட்டத்தில் இரண்டு ஈரநிலங்களுக்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஒன்று சுசீந்திரம் தேரூர்க் குளங்கள், சுமார் 94 ஹெக்டேர். இன்னொன்று ராஜாக்கமங்கலம் போகிற பக்கம் வேம்பனூர், சுமார் 20 ஹெக்டேர். இரண்டுமே பாசனக் குளங்கள்தான். உலகப் பட்டியலில் சேர்ந்தபிறகும் அதே மடை, அதே மறுகால், அதே எருமைமாடு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

வெளிநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் பார்க்கணும் என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரி. ஆனால் அவை நடுக்குளத்தில் இருக்கும், பைனாகுலர் இல்லாமல் கறுப்புப் புள்ளிதான் தெரியும். சின்னப் பையனுக்கு அது ஒன்றும் புரியாது. அவனுக்கு வருஷம் முழுக்க இருக்கிறதைக் காட்டுங்கள்: கரையோரக் கோரையில் ஊதா நிறத் தாழைக்கோழி, மரக்கொம்பில் சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகம், மூடின அலகுக்கு நடுவே இடைவெளி தெரிகிற நத்தைக்குத்தி நாரை. அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அப்புறம் அந்த நாரையை எங்கே பார்த்தாலும் பெயர் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட நீளவால் இலைக்கோழி. தாமரை இலைமேல் நடக்கிற கோழி. விரல் ஒவ்வொன்றும் உடம்புக்குப் பொருந்தாத நீளம், அதனால் பாரம் பரவி இலை அமுங்குவதில்லை. ஒரு இலையின் ஓரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அலகால் பக்கத்து இலையைப் புரட்டி அடியில் இருக்கிற பூச்சியைக் கொத்தும். அசையாமல் நின்றால் கரைக்கு நன்றாகப் பக்கத்திலேயே வரும். வால் நீளமாக இருப்பது முட்டையிடும் மழைக்காலத்தில்தான். தை மாசியில் போய் வாலைக் காணோம் என்று தேடவேண்டாம். இன்னொன்று, முட்டையிட்டதும் பெட்டை போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் சேவல்தான். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், நான் சொன்ன எல்லாப் பாட்டிகளும் சிரித்திருக்கிறார்கள்.

பையன் கல் எடுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கண்டால் பையன்களுக்குக் கை கல்லுக்குத்தான் போகும்.


பார்வதிபுரத்துக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை காலையில் தேரூர் போய்விட்டு வந்தோம். தம்பி லீவு போட்டுவிட்டுக் கார் கொண்டுவந்தான்.

அம்மா சின்ன வயதில் தாழக்குடிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். அது எனக்குத் தெரியும், ஆனால் மடையைப் பார்த்ததும் அவள் நடை மாறும் என்று தெரியாது. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், குனிந்து மடைக்குள் எட்டிப் பார்த்து "பலகை கசியுது, யாரும் பாக்கல்லியா?" என்று கேட்கிறாள். லஸ்கர் அண்ணாச்சிக்கு அம்மாவின் புகாரைச் சேர்த்துவிட்டேன்.

தாமரை பறிக்கிற அண்ணன் ஒருவர் ஒரு மொட்டை என் மகன் கையில் கொடுத்தார். அதன் காம்பில் இருக்கிற முள்ளை இவன் தடவித் தடவிப் பார்க்கிறான், ரோஜாவுக்குத்தான் முள் என்று நினைத்திருந்தானாம். காம்பை ஒடித்தால் நூல் நூலாக வருகிறதே, அதை இழுத்து எவ்வளவு நீளம் போகும் என்று பார்ப்பதிலேயே காரில் திரும்பி வந்தான். சீட்டெல்லாம் நூல். இலைக்கோழி கண்ணில் பட்டது. சேவல் அடைகாக்கும் என்று சொன்னதும் அம்மா சிரிக்கவில்லை. "உங்கப்பாவுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

இப்போது ஒரு சங்கடம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சம்தான், இருந்தாலும் பாட்டிகளைக் கூட்டிப்போகிற எல்லாருக்கும் இது தேவைப்படும். வயதான பெண்களுக்கு அவசரத்துக்கு ஒதுங்க அங்கே இடமில்லை. பாதி நடையில் அம்மா திரும்பலாம் என்று சொன்னதற்குக் காரணம் முட்டு இல்லை, இதுதான். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?


குழித்துறை நர்ஸ்

கூச்சப்பட ஒன்றுமில்லை, நிறைய பெண்கள் நடையை நிறுத்துவதே இதற்காகத்தான். சிலர் வெளியே போகும் அன்று தண்ணீரே குடிக்கமாட்டார்கள். அது ரொம்பத் தப்பு, முக்கியமாக அம்மாவுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்து அதற்கு மாத்திரை எடுத்தால்.

காலையில் எழுந்ததும் தண்ணீர் குடித்துவிடட்டும், ஒருமணி நேரம் கழித்து எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். காப்பி, டீயை நடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீர் பிரிய மாத்திரை எடுக்கிறவர் என்றால் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக மாற்றவேண்டாம். சானல்கரையில் ஊர் முடிந்ததும் வருகிற, வீட்டுக்குப் பக்கமான பகுதியையே பாருங்கள், ஸ்கூட்டரில் பத்து நிமிஷத்தில் வீடு வந்துவிடலாம் என்றால் மனதிலேயே பாதி அவசரம் குறைந்துவிடும். உதயகிரி, வட்டக்கோட்டை மாதிரி காவலாளி இருக்கிற இடங்களில் போனதும் முதலில் இதை விசாரித்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.


தக்கலை டீச்சர்

ஆமாம். நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனாலும் இறங்கினதும் முதல் வேலை அதுதான். அப்புறம்தான் டிலனாய்.


பார்வதிபுரத்துக்காரி

சரி, அப்படியென்றால் வாரநாளில் சானல்கரை, ஞாயிற்றுக்கிழமை தேரூரோ உதயகிரியோ என்று வைத்துக்கொள்கிறோம். மாத்தூருக்கு அம்மா இப்போதே மாட்டேன் என்கிறாள். கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன், லஸ்கர் அண்ணாச்சி. மகன் சானல்கரைக்குச் சைக்கிள் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். விடலாமா? பாம்பு பயம் வேறு.


பழைய லஸ்கர்

சைக்கிள் வேண்டாம் மக்களே. கரை அகலம்தான், ஆனால் சின்னப் பிள்ளை கீழே விழுந்தால் ஒன்று வயலில் விழுவான், இல்லையென்றால் சானலில் விழுவான். வயலில் விழுந்தால் சேறு. சானல் ஆழம் குறைவு மாதிரி தெரியும், முழுத் தண்ணீர் ஓடும்போது இழுப்பு அதிகம், பெரிய ஆளையே நிற்கவிடாது. கான்கிரீட் போட்ட இடத்தில் பாசி பிடித்திருக்கும், ஏறிவரப் பிடி கிடைக்காது. அதனால் நடக்கும்போது பிள்ளை வயல் பக்கம், நீங்கள் தண்ணீர்ப் பக்கம், அம்மா நடுவில். கால் கழுவ வேண்டும் என்று கேட்டால் படித்துறை இருக்கிற இடத்தில் மட்டும் இறக்குங்கள், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு.

பாம்பு இருக்கும், இல்லாமல் எப்படி? வயலில் எலி இருக்கிறதே. நன்றாக வெளிச்சம் வந்தபிறகு போங்கள், புல் வளர்ந்து மூடின இடத்தில் கால் வைக்காதீர்கள். அம்மா கையில் இருக்கிற கம்பைத் தரையில் தட்டித் தட்டி நடந்தாலே அது விலகிப் போய்விடும். சாயங்காலம் என்றால் ஆறு மணிக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். நாய்தான் எனக்குப் பாம்பைவிடப் பெரிய கவலை, அதற்கும் அதே கம்புதான்.

அப்புறம் அம்மா சொன்ன கசிவு. எந்த மடை என்று கேட்டுச் சொல்லுங்கள், தெற்குப் பக்கமா வடக்குப் பக்கமா என்று. நான் இப்போது வேலையில் இல்லை, ஆனாலும் யாரிடம் சொல்லணுமோ அவர்களிடம் சொல்கிறேன்.